பாரைக் காட்டிக் கொடுத்தவள்

அண்ணன் கல்பிட்டியில் ஒரு பருவம் வேலை செய்துவிட்டு வந்தபோது ஒரு பையைக் கொண்டுவந்தான். வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிற இடத்தில் அவனுக்கு வேலை. பை தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். சுருட்டினால் இடுப்பில் செருகலாம். வாயால் ஊதினால் ஆளுயரத்துக்கு விறைத்து நிற்கும். அதோடு ஒரு விசிலும் சின்னக் கண்ணாடித் துண்டும் நூலில் கட்டியிருந்தன. சுழியோடி மேலே வந்து படகைக் காணாவிட்டால் பையை ஊதி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். விசிலை ஊத வேண்டும். வெயிலைக் கண்ணாடியில் பிடித்துப் படகின் பக்கம் அடிக்க வேண்டும்.

"அங்க இது இல்லாமல் ஒருத்தரையும் தண்ணியில இறங்க விடமாட்டாங்கள்" என்றான் அண்ணன்.

எங்கள் ஊர் அரிப்பில், கரையில் நின்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"டேய் துஷாந்தன், கோயில் பெருநாளுக்குப் பலூன் விக்கப் போறியோ?"

"இல்லையடா, காணாமப் போறதுக்கு முதலே சோடிச்சுக்கொண்டு போறான்."

அண்ணனோடு சேர்ந்து கடலடியில் சங்கெடுக்க இறங்கும் பிரணவனும் சிரித்தான். அவன் முருங்கன் பக்கத்து வயல்காரரின் மகன். நெல்லுக்குள் பிறந்தவன் சங்கெடுக்க வந்துவிட்டான் என்று அதுவரை அவனைத்தான் எல்லாரும் நக்கலடித்தார்கள். நக்கல் அண்ணன் பக்கம் திரும்பியதில் அவனுக்குச் சந்தோசம். கடைசியில் அண்ணனும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காமல் நின்றவர் பீற்றர் சம்மாட்டி மட்டும்தான். படகும் எஞ்சினும் காற்றுச் சிலிண்டர்களும் அவருடையவை; படகை ஓட்டுகிறவன் இன்சாப். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். அவர் பையை வாங்கி விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?"

"நல்ல தூரத்துக்குத் தெரியும் மாமா. அதுக்குத்தானே."

"இன்சாப்புக்கு மட்டுமோ தெரியும்? மற்ற வள்ளக்காரனுக்குக் கண் குருடோ?"

சம்மாட்டி பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என்ர வாடியில கிடக்கட்டும்" என்று தன் ஓலைக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் பயந்தது எதற்கென்று அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். சங்கு எல்லா இடத்திலும் கிடக்காது. கடலுக்கடியில் கல்லும் மணலுமாக மேடான இடங்கள் இருக்கின்றன. பார் என்பார்கள். நல்ல பாரைக் கண்டுபிடித்த படகு அதை யாருக்கும் சொல்லாது. சுழியோடிகளை இறக்கிவிட்டு அந்த இடத்திலேயே நின்றாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் படகு தூரத்துக்குப் போய், தூண்டிலைப் போட்டுக்கொண்டு மீன் பிடிக்கிற மாதிரி நிற்கும். சிலிண்டரில் காற்று முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்து ஆட்களை ஏற்றும். எல்லாப் படகும் இதைத்தான் செய்கிறது. அடியில் மனிதர்களை விட்டுவிட்டு வேறு இடத்தில் நின்று பொய் காட்டுவதற்குப் பெயர் கெட்டித்தனம்.

அன்று வீட்டில் நான் அண்ணனிடம் கேட்டேன்.

"ஏன் குடுத்தனி?"

"சம்மாட்டி கேட்டால் குடுக்காமல்?"

"கல்பிட்டியில அது இல்லாமல் இறங்க விடமாட்டாங்கள் எண்டு நீதானே சொன்னனி."

"அது வெள்ளைக்காரருக்கு. அவையள் செத்தால் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லவேணும். நாங்கள் செத்தால் ஒரு பூசை. சோத்தைப் போடு."

நான் சோற்றைப் போட்டேன். எனக்கு அவன்மேலும் கோபம், போட்ட என் கையின்மேலும் கோபம்.

சாப்பிட்டுக்கொண்டே அவன் புதுப் பாரைப் பற்றிச் சொன்னான். அப்படி ஒரு பாரை அவன் பிறந்ததற்குக் கண்டதில்லையாம். அல்லிராணிக் கோட்டையின் உடைந்த சுவர் போன் டவருக்கு வலப்பக்கம் ஒரு விரல் தள்ளி நிற்க வேண்டும். கொண்டச்சிப் பக்கத்துத் தண்ணீர்த் தாங்கி தனிப் பனைக்கு நேரே வர வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் அடியில் பார். பிரணவன் தன் தகப்பனுக்குக்கூடச் சொல்லாத இதை எனக்கு ஏன் சொன்னான் என்றால், அவனுக்கு யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தது.

"உன்னட்டச் சொன்னால் சுவருக்குச் சொன்ன மாதிரி" என்று சிரித்தான்.

அது உண்மைதான். வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் எனக்கு ஒரு சொல்லும் வெளியே வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் போகாமல் நின்றேன். பிறகு போகவே இல்லை. கரையில் கிறேஸ் அக்காவோடு சேர்ந்து வலையில் நண்டு கழற்றப் போகிறேன். அங்கே கதைக்கத் தேவையில்லை. கிறேஸ் அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பா.

தை மாதத்தில் ஒரு நாள், நாங்கள் நண்டு கழற்றிக்கொண்டிருந்தபோது வாடைக் காற்று உரமாக எழும்பியது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. கடல் கொஞ்ச நேரத்துக்குள் வெள்ளை வெள்ளையாக நுரைக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் சம்மாட்டியின் படகு தெற்கிலிருந்து பறந்து வந்தது. அதில் ஓட்டி இன்சாப் மட்டும் நின்றான். அவன் சிலாவத்துறைக்காரன், அண்ணனின் கூட்டாளி. எஞ்சினை நிறுத்தாமலே தண்ணீரில் குதித்து வாடிக்கு ஓடினான்.

கிறேஸ் அக்கா கையிலிருந்த நண்டைப் போட்டா. "எங்கயடா மற்ற ரெண்டு பேரும்?"

இன்சாப் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடி வாசலில் அவன் சொன்னது கரை முழுக்கக் கேட்டது. காலையில் இறக்கிவிட்டு வழக்கம்போல விலகிப் போய் நின்றிருக்கிறான். காற்று எழும்பியதும் ஓடி வந்திருக்கிறான். அலைக்குள் மூச்சுக் குமிழி தெரியவில்லை. தலையும் தெரியவில்லை. சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு வந்திருக்கிறான்.

"யா அல்லாஹ், நான் கண்ணை மூடேல்லை மாமா, சத்தியமா நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"எங்க நிண்டு பாத்தனி?" என்று யாரோ கேட்டார்கள். அவன் வாயைத் திறக்குமுன் சம்மாட்டி முன்னுக்கு வந்துவிட்டார்.

"கதைச்சுக்கொண்டு நிக்கிற நேரமோ? எல்லாரும் இறங்குங்கோ! வங்காலைக்கு நேர, வெளிக்கடல். வங்காலைக்கு நேர!"

"நேவிக்குப் போன் அடிச்சாச்சோ?"

"அடிச்சாச்சு. வங்காலைக்கு நேர எண்டு அவங்களுக்கும் சொல்லியாச்சு. போங்கோ!"

ஆட்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அண்ணனோடு சண்டைபிடித்தவனும் ஓடினான். பெற்றோலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கரையைப் பற்றி நான் எவ்வளவு கோபமாகச் சொன்னாலும் இதையும் சொல்ல வேண்டும். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே திரும்பின. அம்மாவை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள்.

நான் நின்ற இடத்தில் நின்றேன். வங்காலை வடக்கே. கோட்டைச் சுவரும் தண்ணீர்த் தாங்கியும் வைத்துப் பார்க்கிற பார் தெற்கே. இன்றைக்கு வேறு பாருக்குப் போயிருப்பார்களோ என்று நினைத்தேன். இன்சாப்பைப் பார்த்தேன். அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்சாப் வந்த திசை எது? தெற்கு. அதை எல்லாரும்தான் கண்டார்கள். பதட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. பிறகு சம்மாட்டியின் மருமகனுடைய படகு மட்டும் தனியாகத் தெற்கே போவதைக் கண்டேன்.

எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் என் வாய் திறக்கவில்லை. இரண்டு உயிர் கடலில் கிடக்கிறது, இருட்ட முதல் எடுக்க வேண்டும், நான் ஊமைபோல நிற்கிறேன்.

அந்த நேரத்தில் கரையோரத் தண்ணீரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சம்மாட்டியின் பேத்தி, சின்னப்பிள்ளை, தோடம்பழ நிறப் பையை ஊதி அதன்மேல் குதிரைபோல ஏறி இருந்து காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். விசில் வாயில் இருந்தது. அடிக்கடி அதை ஊதினாள். அவ்வளவு தூரத்துக்கு, அந்தக் காற்றிலும், விசில் துல்லியமாகக் கேட்டது. பையோ கண்ணைக் குத்துகிற மாதிரித் தெரிந்தது.

நான் சம்மாட்டியிடம் போனேன்.

"மாமா."

அவர் போனில் இருந்தார். கையைக் காட்டி என்னை விலக்கினார்.

"மாமா, கொண்டச்சிப் பக்கமெல்லோ?"

போனைக் காதிலிருந்து எடுத்தார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ட போ பிள்ளை. அம்மாவைப் போய்ப் பார்."

"அண்ணா இறங்கினது தெற்கில."

"எனக்குத் தெரியாதோ? மருமகனை அனுப்பியிருக்கிறன். இன்சாப்பும் இப்ப திரும்பிப் போறான். ரெண்டு வள்ளம் போதும். முழுக் கரையையும் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பாருக்கு மேல நிப்பாட்டச் சொல்லுறியோ? நாளைக்கு உன்ர கொண்ணன் எதில இறங்குவான்? அவனுக்கும் சேத்துத்தான் நான் அதைக் காப்பாத்திறன்."

அவர் இதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் உண்மையிலேயே அண்ணனுக்கு நன்மை செய்வதாக நினைத்தார். கடலில் மிதக்கிறவனின் நாளைய உழைப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

எனக்குள்ளிருந்து வந்த சத்தத்தை நான் முன்பு கேட்டதில்லை.

"பொய்! வங்காலை பொய்! இவர் பொய் சொல்லுறார்! அவங்கள் கொண்டச்சிக்கு வெளியில! கோட்டைச் சுவர் டவருக்கு வலப்பக்கம் ஒரு விரல்! தண்ணித் தாங்கி தனிப் பனைக்கு நேர! அங்க போங்கோ! அங்க போங்கோ!"

கரையில் இன்னும் புறப்படாமல் நின்ற படகுக்காரர்கள் திரும்பினார்கள். சம்மாட்டி என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். "வாயை மூடடி" என்றார். நான் குறியை மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் சொல் உடையவில்லை.

கிறேஸ் அக்காவின் புருசன் படகிலிருந்து இறங்கி இன்சாப்பின் சேட்டுக் கொலரைப் பிடித்தார்.

"மெய்யோடா?"

இன்சாப் சம்மாட்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "ஓம்" என்றான். "தங்கச்சி சொல்லுறதுதான் சரி. சொல்ல வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்."

"நேவிக்கும் பொய் சொன்னனியோ பீற்றர்? சங்குக்காக நேவிக்கும்?"

கிறேஸ் அக்கா நண்டுக் கூடையைத் தூக்கி அவரின் காலடியில் கொட்டினா. "இதையும் வைச்சுக்கொள்ளு. ரெண்டு பேரையும் கடலில விட்டுப்போட்டுக் கல்லைக் காவல் காக்கிற நாய்."

ஒவ்வொருவனும் போனை எடுத்து வடக்கே போனவர்களைக் கூப்பிட்டான். நேவிக்குச் சரியான இடத்தைக் கிறேஸ் அக்காவின் புருசன் சொன்னார். தூரத்தில் படகுகள் திரும்புவது தெரிந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிப் பேத்தியிடமிருந்து பையைப் பிடுங்கினேன். அவள் வீறிட்டு அழுதாள். சின்னப்பிள்ளை என்ற இரக்கம் அப்போது எனக்கு வரவில்லை.

வெயில் சாய்ந்து கடல் மங்கத் தொடங்கிய நேரத்தில் இன்சாப்பின் படகுதான் அவர்களைக் கண்டது. பாரிலிருந்து வெகுதூரம் காற்று தள்ளிக்கொண்டு போயிருந்தது. அடிக்கு இறங்கப் பாரத்துக்குக் கட்டிய ஈயப் பட்டியை அவிழ்த்து விட்டுவிட்டு, வெறும் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவன் மற்றவனின் கையைத் தன் இடுப்போடு கயிற்றால் முடிந்து வைத்திருந்தானாம். கரைக்குக் கொண்டுவந்தபோது அண்ணனின் உதடு வெடித்து, கண் வீங்கி, வேறு யாரோபோல இருந்தான். பிரணவன் மணலில் குப்புறப் படுத்து, குடித்த உப்புத் தண்ணீரைச் சத்தி எடுத்தான். அம்மா அண்ணனின் முகத்தைப் பிடித்து முத்தமிட்டுக்கொண்டே இருந்தா.

"மருமகன்ர வள்ளம் எங்களுக்குப் பக்கத்தால போச்சுது" என்று அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். "கத்தினம். கையைக் காட்டினம். எஞ்சின் சத்தத்தில கேக்கேல்லை. அலைக்குள்ள ரெண்டு தலை, தேங்காய் மாதிரித்தானே தெரியும். அவன்ர சேட்டில எழுதியிருந்ததை நான் வாசிச்சனான். அவ்வளவு கிட்ட. அவன் எங்களுக்கு மேலால பாத்துக்கொண்டு போறான்."

மருமகன் அங்கேதான் நின்றான். தன் சேட்டைக் குனிந்து பார்த்தான்.

அவ்வளவு கிட்ட. பை இருந்திருந்தால் அந்த நேரத்திலேயே முடிந்திருக்கும்.

மறுநாள் விடிய முதலே கரையிலிருந்த எல்லாப் படகும் அந்தப் பாருக்குப் போயின. முதல்நாள் அண்ணனைத் தேடிப் பெற்றோலைக் கொட்டியவர்கள்தான். குறிதான் தெரிந்துவிட்டதே. சிலாவத்துறைப் படகுகளும் வந்தன. அந்தக் கிழமை முடியுமுன் பாரில் ஒரு சங்கும் மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்மாட்டி நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். முன் வாங்கில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து சோடாவும் பிஸ்கட்டும் கொடுத்தார். ஆட்கள் வாங்கிக் குடித்தார்கள். காலடியில் நண்டு கொட்டிய கிறேஸ் அக்காவும் குடித்தா. "என்ன செய்யிறது பிள்ளை, வெயில்" என்றா. அம்மா சம்மாட்டியிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை பயத்தில கத்திப்போட்டாள், மனசில வைக்காதேங்கோ அண்ணை" என்றா. அவர் பெரிய மனிதர்போலத் தலையாட்டினார்.

அண்ணன் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டான். நான் போட்டு வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவினான். முன்பு ஒரு நாளும் கழுவியதில்லை. ஒரு நாள் கழுவின தட்டை நான் அவன் கையிலிருந்து பறித்தேன்.

"என்ன கோபம்? சொல்லு."

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியாது. சொல்லு."

"என்ர பார். நான் கண்டுபிடிச்ச பார். உன்னை நம்பிச் சொன்னன். நீ ஊருக்கெல்லாம் ஏலம் போட்டாய்."

"நீ செத்துக்கொண்டிருந்தனி!"

"இன்சாப் எங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தவன். எப்பிடியும் கண்டிருப்பான்."

"சம்மாட்டி சொல்லித்தந்ததோ இது?"

"கரையில நிக்க ஏலாமல் கிடக்கு. தங்கச்சியட்டப் பாரைச் சொன்ன விசரன் எண்டு சிரிக்கிறாங்கள்."

"பையோட நிண்டாலும் சிரிப்பாங்கள், பை இல்லாமல் செத்தாலும் அழுதுபோட்டு உன்ர பாருக்குப் போவாங்கள். அவங்கட சிரிப்புக்கோ நீ பயப்பிடுறாய்?"

அம்மா குசினிக்குள்ளிருந்து, "மெல்லக் கதை, மன்னிப்புக் கேட்டுப்போட்டு விடு பிள்ளை" என்றா.

"என்னத்துக்கு மன்னிப்பு?" என்று நான் கத்தினேன். "இவன் உயிரோட நிண்டு என்னை ஏசுறதுக்கோ?"

அண்ணன் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். அங்கே நின்று சொன்னான்: "நாளைக்குப் போறன். பிரணவன் வேற பார் பாத்து வைச்சிருக்கிறான். எங்க எண்டு உனக்குச் சொல்லமாட்டன். இனி ஒண்டும் சொல்லமாட்டன்."

என்னைத் தண்டிக்கிறானாம். இனி அவன் காணாமல் போனால், எங்கே தேடுவது என்று சொல்ல ஒருவரும் இருக்கக்கூடாது. அதுதான் தண்டனை.

காலையில் நான் பையையும் கொண்டு கரைக்குப் போனேன். சம்மாட்டியின் படகில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மற்றப் படகுகளும் ஆயத்தமாகின. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகின் முன்முனையான அணியத்தைப் பிடித்துக்கொண்டு பையை உள்ளே போட்டேன். அண்ணன் அதை எடுத்து மணலில் எறிந்தான். நான் போய் எடுத்துவந்து மறுபடியும் போட்டேன்.

"வீட்ட போ" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போறன். ஆனால் பை இல்லாமல் இந்த வள்ளம் வெளிக்கிட்டால், நான் ஒவ்வொரு வள்ளமாப் போய்ச் சொல்லுவன். இவங்களுக்குப் புதுப் பார் கிடைச்சிருக்கு, இண்டைக்குப் பின்னால பிடியுங்கோ எண்டு சொல்லுவன்."

"மெல்லக் கதை பிள்ளை!" சம்மாட்டி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் படகில் ஒருவன் கயிற்றை அவிழ்க்காமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"இண்டைக்கு மட்டுமில்லை. ஒவ்வொரு நாளும் வருவன். பிரணவனுக்கும் ஒண்டு வேணும். ஆளை இறக்கிப்போட்டு வள்ளம் குமிழிக்குக் கிட்ட நிக்கவேணும், தூரத்தில போய்த் தூண்டில் போடக்கூடாது. இல்லாட்டி கத்துவன். எனக்குக் கத்தத் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே மாமா."

இன்சாப் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று தோள் காட்டிக்கொடுத்தது. பிரணவன் படகிலிருந்து, "எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோ சம்மாட்டி, என்ர அப்பாவும் தினமும் போன் எடுத்து ஏசுறார்" என்றான்.

"விடடா, விடு, கொண்டுபோங்கோ" என்றார் சம்மாட்டி. "இவளின்ர வாய் எனக்குப் பெரிய கரைச்சலாப் போச்சு."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்து இடுப்பில் செருகினான். செருகிய விதத்திலேயே எவ்வளவு கோபம் என்று தெரிந்தது. இருக்கட்டும். கோபத்தோடு போகட்டும், கோபத்தோடு வரட்டும். எஞ்சின் இழுபட்டு, படகு நுரையைக் கிளப்பிக்கொண்டு வெளிக்கிட்டது. கிறேஸ் அக்கா வலைக்குப் பக்கத்திலிருந்து, "நண்டு காயுது, வா பிள்ளை" என்று கூப்பிட்டா. நான் போகவில்லை. அவர்கள் கண்ணுக்கு நான் மறையும் வரைக்கும் தண்ணீரிலேயே நின்றேன்.